இடது பக்கத்துத் தரை

துருவைக் கண்ணால் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது, தட்டிக் கேட்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தகரத்தை மெல்லத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்று பதில் சொல்லும். உள்ளே அரித்த இடம் நனைந்த அட்டை போல ‘பொத்’ என்று அமுங்கும். மெட்டல் பேஸ்ட் பூசி மறைத்த இடம் மட்டும் எதுவுமே சொல்லாது. எங்கள் டிங்கரிங் மாஸ்டர் ஒரு காரைச் சுற்றி வர ஐந்து நிமிடம்கூட எடுத்துக்கொள்ள மாட்டார். அத்தையின் மாருதி 800-க்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். முடித்துவிட்டு, “தம்பி, இதுல வண்டி கொஞ்சம்தான் இருக்கு, மிச்சமெல்லாம் பெயின்டு” என்றார்.

1993 மாடல், சிவப்பு. சிவப்பு என்று ஆர்.சி. புத்தகத்தில்தான் இருந்தது. முப்பது வருட தூத்துக்குடி வெயிலில் பானெட்டும் கூரையும் வெளிறி, பழைய பிளாஸ்டிக் வாளியின் நிறத்துக்கு வந்திருந்தன. சொந்த வண்டிக்கு முதல் 15 வருடம், அதன்பிறகு ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2008, 2013, 2018 என்று மூன்று கண்டம் தாண்டிவிட்டது. நான்காவது 2023 ஜூலையில் வந்தது. பெங்களூரிலிருக்கும் அத்தான் போனில், “மாப்ள, பழைய இரும்புக்காரன் 18,000 தரேங்கான். குடுத்துட்டு அம்மாவ நிம்மதியா இருக்கச் சொல்லு” என்றார். புதுப்பிக்கும் கட்டணமே 2022 ஏப்ரலிலிருந்து 600-லிருந்து 5,000 ஆகிவிட்டது. கணக்குப் பார்த்தால் அத்தான் சொன்னதுதான் சரி. நானும் கணக்குப் பார்த்தேன். ஆனால் அத்தை வண்டியை விற்கச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. “பாத்துச் செய்யி” என்று மட்டும் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் அதற்கு ‘விக்காத’ என்று பொருள்.

மாருதி 800-ஐ ‘கிளாசிக்’ என்று சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். பத்மினியும் அம்பாசடரும்தான் அவர்களுக்குக் கிளாசிக். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1983 டிசம்பர் 14 அன்று டெல்லியில் இந்திரா காந்தி முதல் சாவியை ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்தபோது விலை ஐம்பதாயிரத்துக்கும் கீழே. 796 சிசி, மூன்று சிலிண்டர், 12 அங்குலச் சக்கரம், நாலு கியர். 2014 தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை இந்த நாட்டில் முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்த ஒரு பெருங்கூட்டம் இதில்தான் பிடித்தது. ஊருக்கு ஊர் டிரைவிங் ஸ்கூல் வண்டி இதுதான். கிளட்ச் லேசு, பானெட் குட்டை, இடித்தாலும் செலவு குறைவு.

அத்தையின் வண்டியும் டிரைவிங் ஸ்கூல் வண்டிதான். 1993-இல், நாற்பத்தொரு வயதில், கடன் வாங்கிப் பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டச் சொல்லித்தர ஆரம்பித்தாள். டீச்சர்கள், நர்சுகள், கணவன் கப்பலில் இருக்கும் வீட்டுப் பெண்கள். அதிகாலை ஐந்தரைக்கு பீச் ரோட்டில் ஆரம்பித்தால் எட்டு மணிக்குள் நாலு பேர். 2011-இல் நிறுத்தினாள். ஆவணத்தைச் சொந்த உபயோகம் என்று மாற்றி, பக்கவாட்டு எழுத்துகளின்மேல் ஒரு சிவப்புப் பெயின்டை அடித்து, இடது பக்கப் பெடல்களைக் கழற்றி வண்டியை வீட்டு முற்றத்தில் நிறுத்தினாள்.

தூத்துக்குடியில் ஒரு காரை முற்றத்தில் நிறுத்துவதும் உப்பில் ஊறுகாய் போடுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். குஜராத்துக்கு அடுத்து நாட்டில் அதிகம் உப்பு விளையும் மாநிலம் தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தில்தான். முத்தையாபுரம் பக்கம் போனால் சாலையின் இரு பக்கமும் பாத்திகள். காற்றிலேயே உப்பு. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் இரும்பு வேகமாகக் கரையும். கரைந்து துருவாகும்போது தான் இருந்த இடத்தைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இரண்டு தகடுகளைச் சேர்த்து ஸ்பாட் வெல்டிங் செய்த இடுக்கில் ஒரு துளி போதும். துரு ஊதி ஊதித் தகடுகளை விரல் நுழையுமளவு பிரித்துவிடும்.

பிப்ரவரியில் கழற்ற ஆரம்பித்தோம். பம்பர், விளக்குகள், கதவுகளின் உள்அட்டை, சீட், டேஷ்போர்டு, கண்ணாடிகள். கழற்றுவது என்றால் பாதி நாள் போல்ட்டோடு மல்லுக்கட்டுவதுதான். முந்தின நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு ஊறவைக்கணும், காலையில் காஸ் நெருப்பில் சுட வைக்கணும். அப்படியும் தலை உருண்டால் கிரைண்டரில் அறுத்துத் துளை போட்டு எடுக்கணும். எடுத்த ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, எங்கிருந்து எடுத்தது என்று எழுதி ஒட்டினேன். மாஸ்டரின் பையன் இதை வேடிக்கையாகப் பார்த்தான். அவன் முறை வேறு: எல்லாத்தையும் ஒரே பெயின்ட் டப்பாவில் கொட்டி வைத்து, மாட்டும்போது கைவிரலால் துழாவி எடுப்பான். சரியானதைத்தான் எடுப்பான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தரையில் ஒட்டியிருந்த தார் ஷீட்டைப் பெயர்த்தபோதுதான் சேதம் தெரிந்தது. டிரைவர் பக்கத் தரையில் மேலோட்டமான துரு, அவ்வளவுதான். இடது பக்கம், சீட்டுக்கு முன்னால், கால் வைக்கும் இடமே இல்லை. கையை விட்டால் கீழே சிமென்ட் தரை தட்டியது. அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் வரிசையாக நாலு போல்ட் ஓட்டைகளின் அரை வட்டங்கள். பயிற்சி வண்டியை ஆசிரியர் கட்டுப்படுத்தவும் நிறுத்தவும் இரட்டைக் கட்டுப்பாடு இருக்கவேண்டும் என்பது 1989-ஆம் வருட மோட்டார் வாகன விதி. அதற்காக அத்தையின் காலடியில் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். அவற்றைத் தாங்கிய பட்டைக்காக அப்போது யாரோ தரையைத் துளைத்தபோது வெட்டுவாயில் பெயின்ட் தொடவில்லை. 2011-இல் கழற்றிய பிறகு ரப்பர் மூடி வைத்தார்கள். ரப்பர் காய்ந்து சுருங்கியது. முப்பது வருடத் துரு கிளம்பியது அந்த நாலு ஓட்டையிலிருந்துதான்.

வெட்ட வேண்டியதை வெட்டும் முன், மிஞ்சுவதற்கு மருந்து போட வேண்டும். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்த இடங்களில் மாஸ்டர் ரஸ்ட் கன்வர்ட்டர் தடவினார். பழுப்பாக இருந்த தகடு அரை மணி நேரத்தில் நீலம் பாய்ந்த கறுப்பானது. டானிக் அமிலம் செய்யும் வேலை. கடுக்காயில் இருப்பதும் அதே டானின் வகைதான். கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரி வரைகிறவர்கள் துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்து, கடுக்காயில் நனைத்த துணிமேல் வரைந்தால் அப்படித்தான் கறுக்கும். மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். “அப்போ நான் ஓவியக்காரன்னு சொல்லு” என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தார். ஒன்று: கன்வர்ட்டர் மேல்துருவுக்குத்தான். ஓட்டை விழுந்த தகட்டில் தடவினால் கறுப்பான ஓட்டை கிடைக்கும்.

இந்தக் காருக்கு ஜீப் மாதிரித் தனிச் சட்டகம் கிடையாது. தரையும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியும் (பட்டறையில் ‘ரன்னிங் போர்டு’ என்கிறார்கள்), கூரைத் தூண்களும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. இடது ரன்னிங் போர்டை மொத்தமாக அறுத்தெடுத்தால் வண்டி நடுவில் தொய்ந்துபோகும். பிறகு கதவு மூடாது. ஆகவே வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து, நாலு மூலையிலும் மட்டம் பார்த்து முட்டுக்கொடுத்த பிறகே அறுத்தார். 20 கேஜ் ஷீட்டை வளைத்து ஒட்டும்போது ஒரே ஓட்டமாக வெல்டிங் வைக்கவில்லை. இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொரு பொட்டு. சூடு ஒரே இடத்தில் சேர்ந்தால் மெல்லிய தகடு அப்பளம் போல நெளியும். காஸ் வெல்டிங்கில் கைதேர்ந்தவர்தான். இதற்காகவே பக்கத்துப் பட்டறையிலிருந்து சிஓடூ மெஷினை வாடகைக்கு எடுத்தார். இடையிடையே கதவை மாட்டி மூடிப் பார்ப்பார், மறுபடி கழற்றுவார். ஒன்பது நாள்.

வலது பக்கக் கதவில் பழைய பெயின்டை வாட்டர் பேப்பர் போட்டு இழைத்துக்கொண்டிருந்தது நான். மேல்பூச்சு கரைந்து சோப்புத் தண்ணீரில் ரத்தச் சிவப்பாக ஓட, நடுவில் மஞ்சளாக ஒரு வளைவு தெரிந்தது. இன்னும் தேய்த்தேன். ‘ப’. பிறகு கொம்பு, பிறகு ‘ண்’. அத்தை மறைத்திருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன: ‘பெண்களுக்குப் பெண்ணே’. மிச்சம் பின்பக்கத்துக்கு ஓடியிருந்தது. ஆர்ட்டிஸ்ட் கையால் எழுதிய எனாமல் எழுத்து. பிரஷ் தூக்கிய இடம்கூடத் தெரிந்தது. அதற்குமேல் தேய்க்க மனம் வரவில்லை. போட்டோ எடுத்து அத்தைக்கு அனுப்பிவிட்டு, அதோடு இன்னொரு யோசனையையும் எழுதினேன்: புதுத் தரை போடும்போது அந்த நாலு ஓட்டையையும் முறையாகப் போட்டு, பரணில் கிடக்கும் பெடல்களைத் திரும்ப மாட்டிவிடலாம். எழுத்தையும் அதே மாதிரி எழுதவைக்கலாம். வண்டி அதுவாகவே இருக்கும்.

பதில் வரவில்லை. மறுநாள் ஆட்டோ பிடித்துப் பட்டறைக்கே வந்துவிட்டாள். எழுபத்தொரு வயது, முழங்கால் வலி. தகரமும் குழாயுமாக நின்ற வண்டியைச் சுற்றி வந்து, இடது பக்கப் பள்ளத்தைக் குனிந்து பார்த்தாள்.

“ஓட்டையெல்லாம் வேண்டாம். அடைச்சிரு.”

“இல்லத்த, உங்க ஸ்கூலு ஞாபகமா...”

“ஏல, பதினெட்டு வருசம் நான் இந்தப் பக்கந்தாம்ல இருந்தேன். எவளாவது ஓட்டுவா, நான் மிதிப்பேன். ஞாயித்துக்கெழம திருச்செந்தூருக்குப் போனா உங்க மாமா ஓட்டுவாரு. அப்பவும் நான் இந்தப் பக்கந்தான். எனக்கு என்ன ஞாபகம் வேண்டிக் கெடக்கு?” பிறகு மாஸ்டரைப் பார்த்து, “சீட்ட ஒரு இஞ்சு முன்னால தள்ளுத மாதிரி செய்வியளா? வலது பக்கம். எனக்குக் கால் எட்டாது” என்றாள்.

மாஸ்டர் என்னைப் பார்க்கவே இல்லை. “செஞ்சிரலாங்கம்மா” என்றார்.

அவர்கள் இருவரும் ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்குமான தூரத்தைப் பற்றி ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். எழுத்துகளைப் பற்றி அவள் கேட்கவில்லை. போகும்போது கதவின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, “இன்னும் சொரசொரன்னு இருக்கே, நல்லா தேயி” என்றாள். தேய்த்தேன்.

பெயின்ட் விஷயத்தில் எனக்கும் மாஸ்டருக்கும் ஒரு சண்டை. வெறுந்தகட்டின் மேலேயே மெட்டல் பேஸ்ட் போடுவது அவர் பழக்கம், பிடிப்பு நன்றாக இருக்குமாம். பேஸ்ட் ஈரத்தை உறிஞ்சும். உப்புக்காற்று ஊரில் முதலில் எபாக்ஸி பிரைமர், அதன்மேல்தான் பேஸ்ட் என்பது என் கட்சி. கடைசியில் காசு கொடுப்பவன் ஜெயித்தான். சமன் செய்த பரப்பில் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூவலாக அடித்து, கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தால் மேடு வெளுக்கும், பள்ளம் கறுப்பாகவே நிற்கும். அதை நிரப்பி, மறுபடி தூவி, மறுபடி தேய்க்க வேண்டும். 80-ஆம் நம்பர் தாளில் தொடங்கி 800 வரை போனோம். இந்தப் பகுதியை விரித்து எழுத ஒன்றுமில்லை, தோள் வலிதான்.

சரியான சிவப்பு பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் கிடைத்தது, வெயிலே படாத இடம். கடைக்காரர் அதை வைத்து நிறத்தைக் கலந்து கொடுத்தார். ஆர்.சி.யில் உள்ள நிறமே என்பதால் அந்த வகையில் ஓர் அலைச்சல் மிச்சம். ஏப்ரலில் ஒரு விடியற்காலை, காற்று எழும் முன், தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டுப் பெயின்டர் அடித்தார். ஹார்டனர் கலந்த பெயின்டில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுத்துவிடும். அவர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார். கரி வடிகட்டி வைத்த மாஸ்க் வாங்கிக் கொடுத்து, அதைப் போடாமல் கன்னைத் தொடக்கூடாது என்று நின்றேன். “பேசவே முடியலயே சார்” என்று மாஸ்க்குக்குள்ளிருந்து பேசிக்கொண்டே மூன்று கோட் அடித்து முடித்தார்.

எல்லாம் சேர்த்து 94,000 ரூபாய். அத்தானிடம் 60,000 என்று சொல்லியிருக்கிறேன். ஜூலையில் பதிவு புதுப்பித்தாகிவிட்டது. அத்தை காலை ஆறு மணிக்கு ரோச் பார்க் வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்புவாள். மூன்றாவது கியருக்குமேல் போகமாட்டாள். கூட உட்கார்ந்தவர்கள் யாராவது ‘மெதுவா’ என்று சொன்னால் பதில் சொல்லமாட்டாள்.

அந்த டிசம்பர் 17-ஆம் தேதி பெய்ய ஆரம்பித்த மழை எல்லோருக்கும் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவில் மூன்று நாள் தண்ணீர் நின்றது, வண்டிக்குள் சீட்டின் அடிவரை. நான்காம் நாள் நான் போய்ச் சேர்ந்தபோது அத்தை புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, கார்ப்பெட்டை உருவி வெளியே போட்டிருந்தாள். தரையில் மாஸ்டர் விட்டிருந்த வடிகால் மூடிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துக்கொண்டிருந்தாள். செம்மண் தண்ணீர் கீழே கொட்டியது. நான் இடது பக்கம் குனிந்து, வெல்டிங் தடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தேன். சேறு வழுக்கியது, அடியில் பெயின்ட் வழவழப்பாக இருந்தது.

“அங்க என்னத்தத் தடவிட்டு இருக்க?” என்றாள். “மொதல்ல பேட்டரியக் கழத்து.”