கீழே வைக்க முடிகிறதா?

போன தை மாதம் ராசிபுரம் பக்கத்தில் ஒரு காலனியில் பறைப் பயிற்சி வைத்தோம். சேலத்திலிருந்து கல்லூரி மாணவர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அதில் ஒரு தம்பி, தன் பயோடேட்டாவில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'பறை' என்று எழுதியிருப்பதாகச் சொன்னான். எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆசையாகக் கற்றுக்கொள்கிற பையனை எதற்குக் குறை சொல்ல வேண்டும்?

திண்ணையில் இருந்த பெரியவர் மட்டும் பறையைத் தொடவில்லை. வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சும்போது கண் அங்கேயே இருந்தது. ஒரு அடி அடித்துக் காட்டச் சொல்லி அந்தத் தம்பி குச்சியை நீட்டினான். "உனக்குச் சலிச்சா கீழ வெச்சுப்போட்டுப் போயிருவ கண்ணு. நாங்க வெச்சப்ப, மறுநாள் கடையில உப்பு குடுக்கல" என்றார்.

ஊரில் சாவு விழுந்தால் போயாக வேண்டும். காய்ச்சலோ மழையோ, கேட்பாரில்லை. கூலி, கொடுக்கிறவர் இஷ்டம். ஒருநாள் இவர்கள் மறுத்தார்கள். காட்டு வேலையும் சேர்ந்து நின்றுபோனது. இதைத்தான் 'குலத்தொழில்' என்கிறார்கள். தொழில் என்றால் கூலி பேசலாம், பிடிக்காவிட்டால் மாறலாம். இதில் இரண்டுமே கிடையாது.

எம்.ஏ. சமூகவியலில் மாக்ஸ் வேபர் படித்தோம். ஜெர்மன் மொழியில் 'பெரூஃப்' என்ற ஒரே சொல் பிழைப்புக்கான வேலையையும் இறைவன் அழைத்த பணியையும் குறிக்கும் என்று பக்கம் பக்கமாகத் தேர்வில் எழுதினோம். நமக்கு இன்னும் நெருக்கமான வாதம் 1936-இல் நடந்தது. லாகூரில் பேச விடாத உரையை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' என்று தாமே அச்சிட்டார். முன்னோர் தொழிலைச் செய்து பிழைப்பதே வருணத்தின் நெறி, குருவின் பணியும் துப்புரவுப் பணியும் சமம் என்று காந்தி 'ஹரிஜன்' இதழில் பதில் எழுதினார். அம்பேத்கர் விடவில்லை. பனியா குடும்பத்தில் பிறந்தவர் தராசை விட்டுவிட்டுச் சட்டத்துக்கு ஏன் போனார் என்று கேட்டார். மாணவத் தோழர்களே, அந்தப் பதிலையும் சேர்த்துப் படியுங்கள். பலர் உரையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

எங்களுக்கும் இது நடந்தது. ஒரு தொண்டு நிறுவனத்தில் மூன்று மாதச் சம்பளம் நின்றுபோய்க் கேட்டபோது, "சேவைக்கு வந்தவங்க காசு கேக்கலாமா?" என்றார்கள். காலனிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பை இன்றும் காசில்லாமல்தான் எடுக்கிறோம். அது நாங்களாக எடுத்துக்கொண்டது. சம்பளம் பேசிச் சேர்ந்த வேலைக்குச் சம்பளம் கேட்டோம், அவ்வளவுதான்.

2025-இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறையிசைக்காகப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பெரியவரின் பேரனும் இப்போது ஒரு குழுவில் அடிக்கிறான். மேடைக்கும் கல்யாணத்துக்கும் போவான். சாவுக்கு வரமாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறான். பயிற்சி முடிந்த மாலை, திருச்செங்கோட்டிலிருந்து யாரோ போனில் கூப்பிட்டார்கள். ஆளுக்கு இவ்வளவு, பாதி அட்வான்ஸ் என்று பேசிக்கொண்டிருந்தான். திண்ணையிலிருந்து தாத்தா குரல் கொடுத்தார்:

"வண்டிச் செலவையும் சேத்திக் கேளு."