காட்டு ஐட்டம் கேட்பவர்களுக்கு

சீசனுக்குக் கொடைக்கானல் வருகிறவர்களில் யாராவது ஒருத்தர் அடுப்படி வாசலில் வந்து நின்று, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, காட்டு ஐட்டம் ஏதும் இருக்கா?" என்று கேட்காமல் போவதில்லை. மான், கேளையாடு, காட்டுப்பன்றி எல்லாம் 1972 சட்டத்தோடு போயாச்சு, உள்ளே தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்றால் சிரிக்கிறார்கள். இந்தத் தடவை ஒரு தம்பி, "மலை விடுதின்னு பேரு, கெடைக்கிறது நாட்டுக்கோழி" என்று செல்போனைப் பார்த்துப் பேசிக்கொண்டே போனார். அடுத்த மாதத்தோடு கரண்டியை வைக்கப்போகிறேன். போவதற்குமுன் அந்த நாட்டுக்கோழியைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

எனக்குத் தொழில் சொல்லித்தந்த பெரியவர் சட்டம் வருவதற்கு முன்னால் பங்களாக்களில் வேட்டைக்கறி சமைத்தவர். அதைப் பற்றி அவர் ஒருநாளும் பெருமை பேசியதில்லை. "மான்கறியில என்னடா இருக்கு? கொழுப்பே கிடையாது, நாருதான். ருசி நாம ஏத்துறது" என்பார். மான் நின்றதும் அந்த வித்தையை முற்றின சேவலுக்கு மாற்றிக்கொண்டார். வெடைக்கோழி கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்.

முற்றின சேவல் கீழே வத்தலக்குண்டில் வேகிற மாதிரி இங்கே வேகாது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு விறகைத் தள்ளினாலும் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். மதுரையிலிருந்து வருகிற மாஸ்டர்கள் பலர் முதல் வாரத்திலேயே இதில் திணறிப்போவார்கள். பெரியவர் தீயைக் கூட்டவே மாட்டார். மண்சட்டியை மூடி, மூடித்தட்டில் தண்ணீர் ஊற்றி வைப்பார். அந்தத் தண்ணீர் சுட்டால் எடுத்துச் சட்டியில் ஊற்றிவிட்டுத் தட்டில் பச்சைத்தண்ணீர் மாற்றுவார். காலையில் ஏற்றினால் மதியப் பந்திக்குத்தான் இறங்கும். நடுவில் திறந்து கிளறினால் கரண்டிக்காம்பு நம் முட்டியில் இறங்கும்.

சிக்கல் பழத்தில்தான். இந்தக் குழம்புக்குப் புளி கிடையாது. செங்காயாகப் பறித்த பிளம்ஸ்தான் புளிப்பு. கூடவே தோல் சீவின நாட்டுப் பேரிக்காய். பிளம்ஸ் முடிகிற நேரமும் பேரி தொடங்குகிற நேரமும் ஒட்டிவருகிற சில வாரங்கள்தான் இதற்குக் காலம். பேரி வேகுமுன் புளிப்பு விழுந்தால் அது இறுகிக்கொள்ளும், பிறகு எத்தனை நேரம் கிடந்தாலும் பல்லில் நறநறக்கும். பிளம்ஸைத் தாமதித்தாலோ புளிப்பு குழம்பில் மட்டும் நிற்கும், கறிக்குள் இறங்காது. பெரியவர் தொடைத்துண்டைக் கரண்டி முதுகால் அழுத்துவார். சதை எலும்பை விடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பதத்தில் பேரி. பேரியின் ஓரம் கண்ணாடிபோல் தெளிந்ததும் கீறின பிளம்ஸ், கொட்டையோடு. கடைசியில் மலைப்பூண்டைத் தட்டிப் போட்டு இறக்கிவிட வேண்டியதுதான். எனக்கு அந்தப் பதம் கைவரச் சில சீசன்கள் ஆயின. அதுவரை என் சட்டியைப் பந்திக்கு அனுப்பவே விடமாட்டார்.

இனிப்புக்கு விருப்பாச்சி மலைவாழை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற அதே பழம், 2008-லேயே புவிசார் குறியீடு வாங்கியது. நீர் குறைவு என்பதால் நெய்யில் போட்டால் சொதசொதக்காது. தோல் கறுக்கிறவரை காத்திருக்க வேண்டும். முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழித்தபின் நல்ல தார் கிடைப்பதே பாடு. இப்போது கீழ்நாட்டுப் பழத்தை மலைப்பழம் என்று தலையில் கட்டுகிறார்கள். பையன்கள் தோலைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை, ஏலக்காய் எசன்ஸை ஊற்றிச் சமாளிக்கிறார்கள்.

குக்கரை நான் குறை சொல்லவில்லை. இந்த உயரத்தில் பருப்புக்கு அது இல்லாமல் முடியாது. சேவலைக் குக்கரில் போட்டால் நடுவில் திறந்து பதம் பார்க்க வழியில்லையே! எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி விசில் எண்ணுகிறார்கள். கறி நூல்நூலாகப் பிரிகிறது, பேரி இருந்த இடம் தெரிவதில்லை. கேட்டால், "டேபிள் காத்திருக்காது மாஸ்டர்" என்கிறான் நான் தொழிலுக்குச் சேர்த்த பையன்.

நான் போன பிறகு போடப்போகிற மெனு அட்டையை முதலாளி காட்டினார். சேவல் இல்லை, பிராய்லர். பிளம்ஸுக்குப் பதில் பாட்டிலில் வருகிற கிரஷ். அது சர்க்கரைப்பாகு என்பதால் புளிப்புக்கு எலுமிச்சம்பழம் பிழிகிறார்களாம். 'ஹண்டர்ஸ் சிக்கன்' என்று பெயர் வைத்து, என் குழம்பைவிடக் கூடுதலாக விலை போட்டிருக்கிறார்கள்.