வையையும் நம் தலையணையும்

செல்லூர்வாசிகளாகிய நமக்கு வையை என்றால் பெரும்பாலும் மணலும் ஆகாயத்தாமரையுந்தாம். அது பிறக்கும் வருசநாட்டுக் காடுகளை நினைப்பவர் அரியர். 1895இல் பெரியாற்று நீர் வந்தது, 1959இல் வைகை அணை எழுந்தது, மலையை மறந்தோம். அங்கே காடழிந்த சரிவுகளில் இலவமரங்கள் நின்றன. இஷா தொழுதபின் நாம் தலைசாய்க்கும் தலையணையின் பஞ்சு அம்மரங்கள் ஈந்ததே!

2021இல் அம்மலைகள் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துள் அடங்கின. காடு மீளவேண்டும், ஐயமில்லை. ஆயின் தலைமுறைகளாக அங்கு உழுதுண்போரை மட்டும் குற்றவாளிகளாக்குவது நீதியாகுமா? 2024 அக்டோபர் மழையில் செல்லூர்க் கண்மாய் நீர் நம் தெருக்களில் புகுந்தது. அதன் வாய்க்காலைக் குறுக்கியோர் மலைவாசிகள் அல்லர், நகரத்தாராகிய நாமே. நனைந்த தலையணைகளை மூன்று நாள் மாடியில் உலர்த்தினோம்.