புளிப்புக்கு எத்தனை மதிப்பெண்?

பிரஸ்ஸல்ஸ் மிடி ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. ஆண்டர்லெக்ட் பகுதியில் பழைய லாரி ஷெட் போலத் தெரியும் ஒரு கட்டடம். மார்ச் மாதத்து விடியற்காலை. கையுறைக்குள்ளும் விரல்கள் விறைத்தன. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும், எங்கள் ஊர் அரிசி ஆலையில் நெல் அவிக்கும்போது வருமே, கிட்டத்தட்ட அந்த வாசம். கோதுமையும் முளைகட்டிய பார்லியும் வெந்நீரில் ஊறத் தொடங்கியிருந்தன.

கான்டியோன் என்ற இந்த பீர் ஆலையை 1900இல் பால் கான்டியோனும் அவர் மனைவியும் தொடங்கினார்கள். பின்னாளில் அந்த வீட்டு மருமகன் ழான்-பியர் வான் ரோய் ஏற்று நடத்தி, 1978இல் ஆலையையே அருங்காட்சியகமாகவும் ஆக்கினார். இப்போது அவர் மகன் ழான் வான் ரோய் காய்ச்சுகிறார். வேலை நடப்பதை ஊரார் நேரில் பார்க்கட்டும் என்று சில நாட்கள் விடியும் முன்பே கதவைத் திறந்துவிடுவது இவர்கள் வழக்கம். அப்படி ஒரு நாளில்தான் நான் போனேன்.

போகவைத்தது ஒரு மதிப்பெண். பெங்களூரில் சில வாரங்கள் பீரைச் சுவைத்து மதிப்பிடும் பயிற்சி எடுத்தேன். அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய நடுவர் சான்றிதழ்த் திட்டம் ஒன்றின் மதிப்பெண் தாளை வைத்துப் பழக்கினார்கள். மொத்தம் 50: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் நுரைப்புக்கும் 5, ஒட்டுமொத்த நிறைவுக்கு 10. ஒருநாள் பெயர் சொல்லாமல் ஒரு கோப்பையை வைத்தார்கள். முகர்ந்தால் மாட்டுத் தொழுவம். வாயில் விட்டால் பல் கூசும் புளிப்பு. கெட்டுப்போன பாட்டில் என்று முடிவுகட்டி 17 போட்டேன். அது கூஸ் என்ற பெல்ஜிய வகை. கெடவில்லை, நன்றாகவே இருந்தது என்றார்கள். “எந்த வகையின் இலக்கணத்தை வைத்து இதை மதிப்பிட்டீர்கள்?” என்று பயிற்சியாளர் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அந்த 17 மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

என் நாக்கு அறிந்த அளவுகோல் ஒன்றுதான், லாகர். இன்றைய செக் நாட்டின் பில்சன் நகரில் 1842இல் யோசஃப் க்ரோல் காய்ச்சிய பொன்னிற பீரின் வழிவந்தவைதான் உலகத்தின் பெரும்பகுதியில் பீர் என்ற பெயரில் விற்கின்றன. 1883இல் கோப்பன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட் வளர்க்க வழி கண்டார். அதற்குப் பிறகு வேறு நுண்ணுயிர் எது நுழைந்தாலும் பழுது என்று ஆனது. லாகருக்கு அது சரியான விதி; லாகரில் புளிப்புத் தட்டினால் நானும் கீழே ஊற்றத்தான் சொல்வேன். பிரஸ்ஸல்ஸைச் சுற்றிய ஸென்னே ஆற்றுப் பள்ளத்தாக்கின் லாம்பிக், அதாவது கூஸுக்கு மூலமான பீர், அந்த விதிக்கு முந்தியது. தூய ஈஸ்ட் இல்லாமலே அது பிறக்கிறது.

கான்டியோனில் அதை ஒரு முறை காய்ச்ச 1,300 கிலோ தானியம். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முளைகட்டிய பார்லி, மிச்சம் முளைகட்டாத கோதுமை. இந்தக் கோதுமையின் மாவுச்சத்து எளிதில் கரைந்து தீராது. பீப்பாய்க்குள் ஆண்டுக்கணக்கில் வாழப்போகும் நுண்ணுயிர்களுக்கு அதுதான் சோறு. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ விஷயத்தில் எல்லாமே தலைகீழ். மற்ற ஆலைகள் புது ஹாப்ஸுக்குப் போட்டி போடும்போது இவர்கள் மூன்று ஆண்டு பழசைத் தேடி எடுக்கிறார்கள். கசப்பும் மணமும் அடங்கி, தானியச் சாற்றைக் கெடாமல் காக்கும் குணம் மட்டும் மிஞ்சியிருக்க வேண்டும். கிட்டத்தட்ட 10,000 லிட்டர் சாறு மணிக்கணக்காகக் கொதித்து 7,500 லிட்டராகச் சுண்டியது. தொட்டியில் மிஞ்சிய சக்கையை வாரிக்கொண்டிருந்தவர்களின் சட்டை ஆவியில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வாசல் பக்கம் வந்தால் அதே சட்டையில் குளிர் ஏறும். நாள் முழுக்க இந்தச் சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில்தான் அவர்கள் நடக்கிறார்கள்.

கொதித்த சாறு மேல்மாடிக்கு ஏறுகிறது. ஓட்டுக் கூரைக்கு அடியில் செம்பால் ஆன தொட்டி. அறை அகலத்துக்கு விரிந்தது, ஆழம் குறைவு. காற்று புகுந்து வரத் திறப்புகள். ஈஸ்ட் யாரும் போடுவதில்லை. இரவு முழுக்கச் சாறு திறந்தே கிடந்து, காலையில் 18, 20 டிகிரிக்கு ஆறியதும் பீப்பாய்களுக்கு இறங்கும். சில நாட்களில் தானாகப் பொங்கத் தொடங்கும். காற்றிலிருந்து விழுபவை மட்டும் இதைச் செய்வதில்லை. கூரை மரத்திலும் பீப்பாய்ப் பலகைகளின் இடுக்கிலும் தலைமுறையாகக் குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

என்னை அழைத்துவந்தவர் முப்பது ஆண்டுகளாக ஆன்ட்வெர்ப்பில் வாழும் யாழ்ப்பாணத்து அண்ணன். தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதில என்ன அதிசயம் தம்பி? எங்கட ஊரில முட்டியைக் கழுவாமல்தானே திரும்பக் கட்டுறவை. நேற்றையான் மண்டிதானே இண்டையான் கள்ளைப் பொங்க வைக்கிறது.”

நான் பனை நிறைந்த தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். அவர் முட்டி என்பதை நாங்கள் கலயம் என்போம். உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர், தடவாமல் விட்டால் கள். யார் போட்ட ஈஸ்ட் அது? வீட்டில் இட்லி மாவு பொங்குவதும் இதே வழியில்தான். நம் சமையலறையில் அன்றாடம் நடப்பதைப் பெங்களூரில் ஒரு கோப்பைக்குள் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியாமல் போயிருந்தது.

மறுநாள் அண்ணன் காரில் நகருக்கு மேற்கே பயோட்டன்லாந்துக்குப் போனோம். மேடும் பள்ளமுமான வயல்வெளி, நடுநடுவே செங்கல் வீடுகள். இங்கே ஒரு தனித் தொழில் இருக்கிறது. சிலர் காய்ச்சுவதே இல்லை. ஆலைகளிலிருந்து ஆறிய சாற்றை வாங்கித் தங்கள் பீப்பாய்களில் ஊறவைத்து, வெவ்வேறு வயதுப் பீப்பாய்களைக் கலந்து கூஸ் ஆக்குகிறார்கள். நாங்கள் போனது அப்படி ஒரு கலப்பாளரின் கிடங்குக்கு. ஐம்பதைத் தாண்டிய அம்மா. விரல் நுனிகள் தண்ணீரிலும் குளிரிலும் வெடித்திருந்தன. முன்பு ஒயின் இருந்த ஓக் பீப்பாய்கள் இரண்டு அடுக்காகக் கிடந்தன. மூலைகளில் சிலந்தி வலை. யாரும் அதைக் கலைப்பதில்லை. இனிப்பு வாசத்துக்கு வரும் ஈக்களைச் சிலந்திதான் பிடிக்கிறது; மருந்து அடித்தால் பீப்பாய்க்குள் இருப்பவையும் கெடும்.

பீப்பாயின் முகப்புப் பலகையில் அடித்திருந்த சின்ன ஆப்பை அவர் குறடால் உருவினார். நூல் மாதிரி ஒரு தாரை கோப்பைக்குள் பாய்ந்தது. ஆப்பைத் திரும்பச் செருகிவிட்டு, முதலில் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார், பிறகு முகர்ந்தார். வாயில் விடும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஓராண்டு வயதானது கலங்கல். இனிப்பு இன்னும் தீரவில்லை, பச்சை ஆப்பிள் கடித்த மாதிரி. இரண்டாண்டில் இனிப்பு வடிந்து, தயிர்ப் புளிப்பு முன்னால் வந்தது. மூன்றாண்டில் துளி நுரை கிடையாது, தெளிவு, வறட்சி, பின்நாக்கில் துவர்ப்பு, பழைய வைக்கோலும் ஈரத் தோலும் கலந்த மணம். இந்த மணத்தைத் தருவது பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட். 1904இல் கார்ல்ஸ்பர்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஹெல்டெ கிளாவுசன் இங்கிலாந்தின் பழைய பீர்களில் இதைக் கண்டதால் பிரிட்டனின் பூஞ்சை என்று பொருள்பட இந்தப் பெயரை வைத்தார். பல ஆலைகளில் பகையாக விரட்டப்படும் அது இங்கே வீட்டு ஆள்.

நாலாவது பீப்பாயில் கோப்பையைச் சாய்த்தால் வெண்டைக்காய் நறுக்கியது போல நூல் விட்டது. எனக்கு உமட்டியது. அவர் அமைதியாக, “இது இப்போது நோயாளி” என்றார். லாக்டிக் அமிலம் சுரக்கும் ஒரு பாக்டீரியா இந்தக் கொழகொழப்பைத் தரும். பிரெட்டனோமைசிஸ் சில மாதங்களில் அதைத் தின்று தீர்க்கும். அதன் பிறகு சுவை முன்பைவிட ஆழமாகும். அன்றைய நிலையை மட்டும் வைத்துத் தாளை நிரப்பியிருந்தால் இதற்குப் பூஜ்யம் போட்டிருப்பேன். அவர் பலகையில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போட்டார். காத்திரு என்று அர்த்தம்.

அவரிடம் மூன்றே குறிகள். கூட்டல் என்றால் தயார், வட்டம் என்றால் இன்னும் நாள் வேண்டும், குறுக்குக்கோடு என்றால் தேறாது. ஒரு பீப்பாய்க்குக் குறுக்குக்கோடு போட்டுவிட்டு அதையும் எங்களுக்குச் சுவைக்கக் கொடுத்தார். காடி! அசிட்டிக் அமிலம் மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்தது. எங்கோ பலகை இளகிக் காற்று புகுந்திருக்கிறது. முழுப் பீப்பாயும் போய்விட்டது என்றபோதுதான் அவர் முகம் வாடியது. இரண்டும் புளிப்புதான்; தயிரின் புளிப்பு வேறு, காடியின் புளிப்பு வேறு. அந்த எல்லையைக் காப்பதுதான் அவர் தொழில் என்றுகூடச் சொல்லலாம்.

கலப்பது அதற்கு அடுத்த படி. இளையதில் மிஞ்சிய சர்க்கரை இல்லாவிட்டால் பாட்டிலுக்குள் நுரை பிறக்காது. மூத்தது இல்லாவிட்டால் மணமும் ஆழமும் இல்லை. ஒரே நாளில் ஒரே சாறு நிரப்பிய அடுத்தடுத்த பீப்பாய்கள்கூட ஒன்றுபோல வருவதில்லை. அதனால் சூத்திரம் எதுவும் எழுதிவைக்க முடியாது. ஒவ்வொரு முறையும் அளவுக் குழாயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, சுவைத்து, துப்பி, மறுபடி சேர்க்க வேண்டும். காலை வேளையில், காபி குடிக்கும் முன்பு, நாக்கு சுத்தமாக இருக்கும்போது மட்டுமே அவர் கலக்கிறார். கலந்து தடித்த பாட்டிலில் கார்க் அடைத்துப் படுக்கவைத்தால் இன்னும் மாதக்கணக்கில் காத்திருப்பு. புளிப்புச் செர்ரி ஊறிய கிரீக் வகையையும் கொடுத்தார். நிறம் அழகு, எனக்கு அதில் அவ்வளவு மனம் ஒட்டவில்லை.

அண்ணன் மூன்றாண்டு லாம்பிக்கை மறுபடி வாங்கி மெதுவாகக் குடித்தார். “இது பின்னேரக் கள்ளு, தம்பி. காலமைக் கள்ளு இனிக்கும், மத்தியானம் திரும்பும், பின்னேரம் இப்பிடித்தான் ஏறும். பெரியப்பா தவறணையில பிளாவை வாயில வைக்க முதலே மணத்தில சொல்லிப்போடுவார், எந்த நேரத்துக் கள்ளெண்டு.” தவறணை என்றால் கள்ளுக்கடை; பனையோலையில் மடித்த குவளைதான் பிளா. அண்ணன் சொன்னதை நான் அந்த அம்மாவுக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். வியப்பு ஏதும் காட்டவில்லை. ஒரு நாளில் நடப்பதா என்று மட்டும் கேட்டார். தன் பீப்பாய்க்கு மூன்று ஆண்டு ஆகிறதே என்றார்.

கடைசியில் அவருடைய கூஸ் ஒரு பாட்டிலைத் திறந்தார். தாளை எடுத்தேன். இந்த முறை அந்த வகையின் இலக்கணத்தோடு: புளிப்பு முன்னால் நிற்கலாம், காடி மேலோங்கக் கூடாது, தொழுவ மணம் குற்றமில்லை, அதோடு பழ மணமும் இருக்க வேண்டும், ஹாப்ஸ் கசப்பு தெரியக் கூடாது, நுரை துடிப்பாக எழ வேண்டும். மணத்துக்கு 10, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 17, வாயுணர்வுக்கு 4, நிறைவுக்கு 8. மொத்தம் 42. துவர்ப்பு ஒரு இழை கூடுதல் என்று குறைத்திருந்தேன். அவர் தாளை வாங்கிப் படித்தார், துவர்ப்பு உண்மைதான் என்றார். அந்தக் கலவையில் ஒரு புதுப் பீப்பாய் சேர்ந்திருந்ததாம். என் எண்ணை அவர் பொருட்படுத்தவில்லை. அந்த ஒரு சொல்தான் அவருக்குப் பயன்பட்டது.

வகை தெரியாமல் போடும் எண்ணுக்கு மதிப்பில்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். வகை தெரிந்தாலும் அந்தச் சுவைக்கான சொற்கள் வேண்டும். அவை மேசையில் உட்கார்ந்து குடிப்பவர்களிடம் பிறப்பதில்லை. பீப்பாய் கழுவி, ஆப்பு உருவி, தேறாததைக் கண்டு வருந்துபவர்களிடம் பிறக்கின்றன.

அந்த வேலைக்கும் இப்போது நெருக்கடி. சாறு ஆற இரவுக் குளிர் வேண்டும். முன்பு அக்டோபர் நடுவிலிருந்து காய்ச்சலாம். 2015 நவம்பரில் இரவுகள் சூடாக இருந்ததால் கான்டியோனில் காய்ச்சுவதையே சில நாள் நிறுத்திவைத்தார்கள். பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை யுனெஸ்கோ 2016இல் மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. குளிரைப் பட்டியலில் சேர்த்துக் காக்க வழியில்லை.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. தடை வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். ஆனால் மணத்திலேயே நேரம் சொன்ன அந்தப் பெரியப்பாவைப் போன்றவர்கள் நம் பக்கமும் இருந்தார்கள். சிலர் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் பனையேறிய முதியவர் ஒருவர் இருந்தால் போய் உட்காருங்கள். காலைக் கள்ளை, உச்சிக் கள்ளை, மழைநாள் பதநீரை அவர் என்ன சொல்லால் அழைத்தார் என்று கேட்டு, அந்தச் சொல்லை அவர் சொன்னபடியே எழுதி வையுங்கள்.