பேஸ் மாடலா? டாப் எண்டா?



நம் சுவர் இதழில் வழக்கமாகக் கவிதை, விடுகதை, பொது அறிவுத் துளிகள் எல்லாம் வரும். நான் இந்த முறை எங்கள் வீட்டில் கார் வாங்கிய கதையை எழுதப்போகிறேன். "கார் வாங்கினதைப் பெருமை அடிச்சுக்கிறாளா?" என்று நினைத்துவிடாதீர்கள். முழுசாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். வகுப்பில் நாம் போடும் வட்டிக் கணக்கு வீட்டில் எப்படி உபயோகப்படும் என்பதும் இதில் இருக்கிறது.

எங்கள் ஊர் காரைக்குடி. அப்பாவுக்குச் சின்னதாக ஒரு பெயின்ட் கடை. 2022 கடைசியில் அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது காலும் இடது கையும் விழுந்துவிட்டன. மாதம் இரண்டு தடவை மதுரைக்குக் கூட்டிப்போக வேண்டும். போக வர ஏறத்தாழ 180 கிலோமீட்டர். அப்போது எங்களிடம் இருந்தது ஒரு பழைய சின்னக் கார். அதன் டிக்கியில் சக்கர நாற்காலி ஏறாது. பின் சீட்டில் அம்மா, நான், தம்பி மூன்று பேரும் உட்கார்ந்து, மடக்கிய நாற்காலியை எங்கள் மடியில் வைத்துக்கொண்டு போவோம். திருப்பத்தூர் தாண்டுவதற்குள் கால் மரத்துப்போகும்.

"இது ஆகாது. பெரிய டிக்கி உள்ள வண்டியாப் பார்த்துடுவோம்" என்று அப்பா முடிவு செய்தார். அப்பாவின் நண்பர் ஒருவரின் உயரமான வண்டியில் ஏற்றிப் பார்த்தோம். அப்பத்தாவால் காலை அவ்வளவு உயரம் தூக்க முடியவில்லை. அதனால்தான் சேடான் என்று தீர்மானித்தோம். சேடான் என்றால் முன்னால் என்ஜின், நடுவில் ஆட்கள், பின்னால் தனியாக டிக்கி உள்ள கார்.

ஏன் பெரிய சேடான்?

சேடானிலும் இரண்டு ஜாதி உண்டு. டிசையர் மாதிரி கார்கள் 4 மீட்டருக்குள் அடங்கும். டிசையரின் நீளம் 3,995 மில்லிமீட்டர். 4 மீட்டருக்கு வெறும் 5 மில்லிமீட்டர் குறைவு! ஏன் தெரியுமா? 4 மீட்டருக்குள் இருந்து என்ஜினும் சின்னதாக இருந்தால் வரி குறைவு. அந்த 2023-இல் அப்படிப்பட்ட பெட்ரோல் காருக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 29 சதவீதம். 4 மீட்டரைத் தாண்டிய 1.5 லிட்டர் சேடானுக்கு 45 சதவீதம். (2025 செப்டம்பர் 22 முதல் இது 18, 40 என்று மாறியிருக்கிறது.) ஆனால் அப்போதைய டிசையரின் டிக்கி 378 லிட்டர்தான். நாற்காலியை வைத்தால் பை வைக்க இடம் போதாது. ஹோண்டா சிட்டியின் டிக்கி 506 லிட்டர். ஹூண்டாய் வெர்னாவில் 528 லிட்டர். ஆகவே இந்த இரண்டில் ஒன்று என்று ஆனது. இரண்டுமே 2023 மார்ச்சில் புதிதாக வந்திருந்தன.

படிக்கட்டு

கார் எது என்று முடிவானால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஷோரூமில்தான் தெரிந்தது, ஒரே பெயரில் நாலு கார் இருக்கிறது! அதை வேரியன்ட் என்கிறார்கள். மாடிப்படி மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்று. அறிமுகமானபோது பெட்ரோல், கியர் வண்டிக்கு ஷோரூம் விலை இதுதான்:

வெர்னா: இ.எக்ஸ் 10.90 லட்சம், எஸ் 11.96 லட்சம், எஸ்.எக்ஸ் 12.99 லட்சம், எஸ்.எக்ஸ் (ஓ) 14.66 லட்சம்.

சிட்டி: எஸ்.வி 11.49 லட்சம், வி 12.37 லட்சம், வி.எக்ஸ் 13.49 லட்சம், இசட்.எக்ஸ் 14.72 லட்சம்.

ஷோரூம் அண்ணன் நல்ல மாதிரிதான். மேல் படியில் இருந்த வண்டியைத் திறந்து காட்டினார். பெரிய திரை, மேலே திறக்கும் கண்ணாடிக் கூரை, காற்று வரும் சீட்! தம்பி உள்ளே ஏறியவன் இறங்கவே இல்லை. சிங்கப்பூரிலிருந்து பெரியப்பா போனில், "வாங்குறதுதான் வாங்குறே, டாப் எண்டாவே வாங்கிடுப்பா. நாலு பேர் பார்க்கிற பொருள்" என்றார். பெரியப்பா 2 லட்சம் தருவதாகவும் சொல்லியிருந்தார். அப்பா தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். அவர் தலையை ஆட்டினால் சரி என்றும் அர்த்தம், யோசிக்கிறேன் என்றும் அர்த்தம்!

அப்போது நான் எட்டாம் வகுப்புப் பரீட்சை முடித்து லீவில் இருந்தேன். இரண்டு கார்களின் கையேட்டையும் என்னிடம் கொடுத்து, "இங்கிலீஷ்ல பொடி எழுத்தா இருக்கு தாயி. எந்தப் படியில என்ன இருக்குன்னு ஒரு நோட்டுல எழுது" என்றார் அப்பா.

முதல் கட்டம்: எல்லாப் படியிலும் இருப்பது

நான் முதலில் அப்பத்தாவுக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதினேன். கதவு அகலமாகத் திறக்கணும். சீட்டு ரொம்பத் தாழ்வாக இருக்கக் கூடாது. காலை நீட்ட இடம் வேணும். நாற்காலிக்கு டிக்கி வேணும். எழுதி முடித்துவிட்டுக் கையேட்டைப் பார்த்தால் எனக்கே ஆச்சரியம். கதவு, இடம், டிக்கி எல்லாமே நாலு படியிலும் ஒன்றுதான்! 10.90 லட்சம் வண்டியிலும் 528 லிட்டர்தான், 14.66 லட்சம் வண்டியிலும் 528 லிட்டர்தான். அதாவது, எந்தக் காரணத்துக்காக நாங்கள் பெரிய கார் தேடினோமோ, அந்தக் காரணத்துக்கு மேல் படி ஏறுவதால் ஒரு லிட்டர்கூடக் கூடவில்லை.

கையேட்டில் பெரிய எழுத்தில் போட்டிருந்த இன்னும் சில சங்கதிகளையும் அடித்துவிட்டேன். ஏ.பி.எஸ் பிரேக், முன்னால் இரண்டு பேருக்கு ஏர்பேக், பின்னால் இடித்துவிடாமல் சத்தம் கொடுக்கும் சென்சார், இவையெல்லாம் சட்டப்படி எல்லாக் காரிலும் இருந்தே ஆகவேண்டும். அதை ஒரு படியின் பெருமை என்று கணக்கில் எடுக்கக் கூடாது.

இரண்டாம் கட்டம்: படிக்குப் படி மாறுவது

இங்கேதான் எனக்கு நிஜமாகவே குழப்பம் வந்தது. அப்பத்தா முன் சீட்டில். பின்னால் நாங்கள் மூன்று பேர். முன் ஏர்பேக் பின்னால் இருப்பவரைக் காப்பாற்றாது. பக்கவாட்டில் இடித்தால் ஜன்னல் ஓரம் தலைக்குத் திரை மாதிரி விரியும் ஏர்பேக்தான் முன்னால் இருப்பவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் உதவும். அதுவும் சேர்ந்தால்தான் ஆறு. 2023-இல் ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று சட்டம் வரப்போவதாகப் பேச்சு இருந்தது. அந்த செப்டம்பரில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, கட்டாயமாக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். ஆகவே அது கம்பெனிக்குக் கம்பெனி, படிக்குப் படி மாறியது.

வெர்னாவில் ஆறு ஏர்பேக்கும் முதல் படியிலேயே இருந்தது. சிட்டியில் அந்த வருஷம் முதல் இரண்டு படிகளில் நாலு, மூன்றாம் படியிலிருந்துதான் ஆறு. அப்படியானால் வெர்னாதான் உசத்தி என்று நினைப்பீர்கள். அதுவும் முழு உண்மை இல்லை! முன்னால் போகிற வண்டியைக் கேமரா பார்த்து, ஆபத்து என்றால் காரே பிரேக் போடுகிற வசதி சிட்டியில் இரண்டாம் படியிலேயே வந்துவிட்டது. வெர்னாவில் அது உச்சிப் படியில்தான். பாருங்கள், ஒரே பொருள் ஒரு வீட்டில் கீழ் படியில் இருக்கிறது, இன்னொரு வீட்டில் மொட்டை மாடியில் இருக்கிறது. அதனால் "இந்தக் கார் நல்ல கார்" என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமே இல்லை. எந்தப் படி என்று கேட்க வேண்டும்.

நானும் அப்பாவும் இதைப் பற்றி இரண்டு ராத்திரி பேசினோம். அப்பா சொன்னார், "பிரேக்கு நான் போட்டுக்குறேன். மெதுவாத்தான் ஓட்டப்போறேன். ஆனா எதிர்ல வர்றவனை நான் ஓட்ட முடியாதுல்ல? இடிச்சா உங்களுக்கு ஏதும் ஆகாம இருக்கணும்." இது எங்கள் வீட்டு முடிவு. தினமும் நெரிசலில் ஓட்டுகிறவர்கள் அந்தத் தானியங்கி பிரேக்கைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் நியாயம்தான்.

மூன்றாம் கட்டம்: பின்னால் வாங்க முடிவது

வெர்னா என்று ஆன பிறகும் நாலு படி இருக்கிறதே! இ.எக்ஸில் திரை கிடையாது, பின்பக்கக் கேமரா கிடையாது, அலாய் வீல் கிடையாது. எஸ்ஸில் வரும். எஸ்.எக்ஸில் கண்ணாடிக் கூரை வரும். எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் அப்பாவிடம், "அண்ணே, பாட்டுப் பெட்டியும் கேமராவும் பின்னால மாட்டிக்கலாம். ஏர்பேக்கைப் பின்னால மாட்ட முடியுமா?" என்று கேட்டார். எனக்கு அது மண்டையில் நன்றாக ஏறிவிட்டது. நோட்டில் கோடு போட்டு, 'பின்னால் மாட்ட முடிவது', 'மாட்ட முடியாதது' என்று இரண்டு பத்தி பிரித்தேன். இ.எக்ஸுக்கும் எஸ்ஸுக்கும் நடுவே எங்களுக்குத் தேவைப்பட்டதெல்லாம் முதல் பத்தியில்தான் விழுந்தது. (ஒரு எச்சரிக்கை! கண்ட கடையில் ஒயரை அறுத்து மாட்டினால் வாரண்டிக்குச் சிக்கல் வரலாம். ஷோரூமிலேயே மாட்டி பில் வாங்கிக்கொள்வது நல்லது.)

ஒரு லட்சம் என்பது ஒரு லட்சம் இல்லை

இதுதான் கணக்கு. மேல் படிக்கு ஒரு லட்சம் கூட என்று வையுங்கள். அப்போது தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 15 சதவீதம். ஆக 15,000 ரூபாய் கூடுதல். (2023 நவம்பரிலிருந்து 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம் ஆகிவிட்டது.) அந்த ஒரு லட்சத்தைக் கடனாக வாங்கினால், 9 சதவீத வட்டி, 5 வருஷம் என்றால் மாதத் தவணை 2,076 ரூபாய். 60 மாதம் கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் ஏறத்தாழ 24,550 ரூபாய். மூன்றையும் கூட்டுங்கள். 1,39,550 ரூபாய்! இன்சூரன்ஸ் கூடுவதை நான் சேர்க்கவே இல்லை.

முதல் படிக்கும் உச்சிப் படிக்கும் வித்தியாசம் 3.76 லட்சம். பெரியப்பா தருகிற 2 லட்சத்தைக் கழித்தாலும் மீதி 1.76 லட்சத்துக்குக் கடன் கூடும். அதோடு முழு 3.76 லட்சத்துக்கும் சாலை வரி 56,400 ரூபாய்.

நோட்டில் இதற்குப் பக்கத்தில் அம்மா இன்னொரு கணக்கைப் பென்சிலால் எழுதியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து அப்பத்தாவுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி அக்காவுக்கு ஒரு நாளைக்கு 500 ரூபாய். பணம் போதாமல் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வரச் சொல்லியிருந்தோம். பெரியப்பாவின் 2 லட்சத்தை 500-ஆல் வகுத்தால் 400 நாள். அம்மா வேறு எதுவும் எழுதவில்லை. '400 நாள்' என்று மட்டும் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்கள்.

அன்று ராத்திரி அப்பா பெரியப்பாவுக்குப் போன் போட்டார். "அண்ணே, நீங்க தர்ற காசை வண்டிக் கூரைக்குப் போடலை. ஆத்தா காலுக்குப் போடுறேன்" என்றார். எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரிடா தம்பி" என்றார் பெரியப்பா.

ஆயுத பூஜைக்கு இ.எக்ஸ் வண்டி வந்தது. கேமராவும் பாட்டும் ஷோரூமிலேயே மாட்டினோம். கல்யாண வீட்டுக்குப் போனபோது ஒரு உறவினர் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, பேஸ் மாடலா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அப்பா சிரித்துக்கொண்டே, "ஆமா மாமா, ஆறு பேக்கும் உள்ளே இருக்கு. வெளிய தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேடிக்கை என்னவென்றால், மேல் படியில் இருக்கும் பொருள் கொஞ்ச நாளில் கீழே இறங்கிவிடும். 2024 ஏப்ரலில் சிட்டியின் எல்லாப் படிக்கும் ஆறு ஏர்பேக் வந்தது. அதே வருஷம் நவம்பரில் வெர்னா எஸ்ஸுக்கே கண்ணாடிக் கூரை வந்துவிட்டது. இன்றைக்கு ஆசைப்பட்டுப் பணம் கொட்டும் பொருள் நாளைக்கு எல்லோருக்கும் வரும். ஆனால் பக்கவாதம் வந்த காலுக்கு முதல் மாதங்களின் பயிற்சி முக்கியம், அதைத் தள்ளிப்போடாதீர்கள் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார்.

பிசியோதெரபி அக்கா வாரத்துக்கு ஆறு நாள் வர ஆரம்பித்தார்கள். எட்டு மாதத்தில் அப்பத்தா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து வாசல் வரை நடந்தது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்திருக்கும். இடது கை இன்னும் சரியாகவில்லை. மதுரைக்குப் போனால் டிக்கியில் நாற்காலி இன்னும் வருகிறது. இப்போது எங்கள் மடி காலியாக இருக்கிறது, தம்பி அதில் தலை வைத்துத் தூங்குகிறான்!

நண்பர்களே, உங்கள் வீட்டில் கார் வாங்கினாலும் சரி, போன் வாங்கினாலும் சரி, இந்த நாலு கேள்வியையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. எனக்கு என்ன வேண்டும்? (கையேட்டைப் பார்க்கும் முன்பே எழுத வேண்டும்.)
2. அது எல்லாப் படியிலும் இருக்கிறதா, ஒரு படியில் மட்டும் இருக்கிறதா?
3. இல்லாததைப் பின்னால் சேர்த்துக்கொள்ள முடியுமா?
4. கூடுதல் பணத்துக்கு வரியும் வட்டியும் சேர்த்து எவ்வளவு? அந்தப் பணத்துக்கு வீட்டில் வேறு யார் காத்திருக்கிறார்கள்?

நாலாவது கேள்விக்கு விடை கையேட்டில் இருக்காது. வீட்டில்தான் கேட்க வேண்டும்.

— பதினொன்றாம் வகுப்பு, வணிகவியல் பிரிவு மாணவி