சேர்ந்திசையில் தொடங்கிய குரல்

சித்திரை மாதம் பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு குரல் ஒலிக்கத் தொடங்கும். வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவை முன்னிட்டு ஊர்தோறும் ஒலிபெருக்கிகள் கட்டப்படும். அனுமந்தன்பட்டியில் காலைத் திருப்பலி முடிந்து ஆலயத்தை விட்டு வெளியே வரும் எங்கள் செவிகளிலும், அம்மனைத் தாயே என்று உருகி அழைக்கும் அந்தக் குரல் வந்து விழும். குரலுக்கு உரியவர் எல். ஆர். ஈஸ்வரி. 1939ஆம் ஆண்டு சென்னையில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த லூர்துமேரி ராஜேஸ்வரிதான் அவர் என்பதை அறிந்த நாளில் நாங்கள் திகைத்துப் போனோம்.

அதற்கு முன்பே அவர் குரலோடு எங்களுக்கு ஒரு வழக்கு இருந்தது. 1968இல் வெளிவந்த 'பணமா பாசமா' படத்தில் அவர் பாடிய இலந்தைப்பழப் பாட்டு பட்டிதொட்டியெங்கும் பரவியிருந்த காலம் அது. எங்கள் அம்மா ஆலயப் பாடகர் குழுவில் பல்லாண்டுகள் பாடியவர். வார நாள்களில் திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போவார். பந்தலின் கீழ் குலைகளைக் கத்தரித்துக்கொண்டே அந்தப் பாட்டை அவர் முணுமுணுத்ததை ஒருநாள் கேட்டோம். உயர்நிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த எங்களுக்கு அது பெருத்த அவமானமாகப் பட்டது. "கோவிலில் பாடுகிற வாயால் இதையா பாடுவது?" என்று கேட்டுவிட்டோம். அம்மா மறுமொழி கூறவில்லை. அதன்பின் எங்கள் காதுபட அவர் அப்பாட்டைப் பாடவும் இல்லை.

அன்று நாங்கள் அறியாதது, அந்தப் பாடகியின் பாட்டுக்குப் பின்னால் இருந்த உழைப்பை. அவருடைய தாயாரும் திரைப்படங்களில் சேர்ந்திசை பாடியவரே. மகளும் அக்கூட்டத்தில் ஒருவராகவே தொடங்கினார். சேர்ந்திசை பாடுவோரின் பெயர் இசைத்தட்டில் வராது. குரல் மட்டும் வரும். 1958இல் வெளியான 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் கே. வி. மகாதேவன் அவருக்குத் தனித்துப் பாடும் வாய்ப்பை அளித்தார். 1961இல் 'பாசமலர்' வந்தது. விசுவநாதன் - ராமமூர்த்தி இசையில், மணப்பெண்ணைத் தோழி அழைக்கும் பாட்டை அவர் பாடினார். நம் ஊர்த் திருமண வீடுகளில் அது ஒலிக்காத நாள் இல்லை என்னும் நிலை உண்டாயிற்று.

பின்னர்த் திரையுலகம் அவரிடம் பெரும்பாலும் கேட்டது கேளிக்கை விடுதிப் பாட்டுகளையும் துள்ளல் பாட்டுகளையுமே. கதாநாயகியின் பாட்டு வேறொருவருக்குப் போகும்; ஆடல் மங்கையின் பாட்டு இவருக்கு வரும். ஆனால் 1972இல் வந்த 'வெள்ளி விழா' படத்தில், வி. குமார் இசையில், காதருகே இரகசியம் சொல்வதுபோல் அவர் பாடிய பாட்டைக் கேட்டவர்கள், அக்குரலுக்குள் எத்துணை மென்மை அடங்கியிருந்தது என்பதை உணர்ந்தார்கள். தமிழோடு தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய மொழிகளிலும் அவர் பாடினார். அம்மன் பாடல்களோ அவரைத் திரையரங்கிலிருந்து தெருமுனைக்கும் கோயில் திடலுக்கும் கொண்டுவந்தன.

"நம் சபைப் பெண் அம்மனைப் பாடலாமா?" என்று ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் வாதிட்டதுண்டு. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று 1965ஆம் ஆண்டிலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறிவிட்டதை அவர்களில் எத்தனை பேர் அறிந்திருந்தார்களோ! ஒரு மாலை அந்த வாதம் எங்கள் வீட்டு வாசலிலும் நடந்தது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமலே சொன்னார்: "களை பறிக்கப் போறவ, இது யாரு வயலுன்னு பார்த்தா கையைக் குறைப்பா? கொடுத்த வேலைய முழுசாச் செஞ்சிருக்கா. கேட்டாலே தெரியுதே."

அதற்குமேல் யாரும் பேசவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் தோட்டத்தில் நாங்கள் கேட்ட கேள்விக்கும் அதுவே விடை என்பது எங்களுக்கு மட்டும் விளங்கிற்று.

திரையுலகம் அவரை ஏறக்குறைய மறந்திருந்த வேளையில், 2011இல் 'ஒஸ்தி' படத்துக்காக அவர் மீண்டும் பாடினார். பேரப்பிள்ளைகளின் வயதினர் அதைக் கேட்டு ஆடினார்கள். 2020இல் 'மூக்குத்தி அம்மன்' படத்திலும் அவர் குரல் ஒலித்தது. அப்போது அவருக்கு வயது எண்பது. பெயரில்லாத கூட்டத்தில் தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருப்பதற்குக் குரல்வளம் மட்டும் போதாது. வந்த பாட்டு எளியதென்றோ இழிந்ததென்றோ எண்ணிப் பாதிக் குரலில் பாடாத நேர்மையும் வேண்டும்.

தாலந்து உவமையைக் கேட்கும்போதெல்லாம், புதைத்து வைத்த ஊழியனைப் பற்றியே நாம் எண்ணுகிறோம். பிறர் கையிலிருப்பதைப் புதைக்கச் செய்கிறவர்களைப் பற்றி எண்ணுவதில்லை. ஆலயத்தில் அம்மா பாடியதை நாங்கள் பல்லாண்டுகள் கேட்டோம். திராட்சைப் பந்தலின் கீழ் அவர் மகிழ்ந்து பாடியதை ஒருமுறைதான் கேட்டோம், அதையும் நிறுத்திவிட்டோம். இன்று அம்மா இல்லை. சித்திரையில் அந்த ஒலிபெருக்கிக் குரல் எழும்போது நாங்கள் சற்றே நின்று கேட்கிறோம். அதனடியில், அம்மா எங்களுக்காக அடக்கிக்கொண்ட பாட்டும் கேட்கிறது.