பதினேழு மணி நேர இருட்டு

ஜனவரி மாதத்தில் மாலை நாலு மணிக்கு நம் வீடுகளில் இரண்டாவது காப்பிக்குப் பால் காய்ந்துகொண்டிருக்கும். வெயில் முற்றத்தை விட்டுப் போயிராது. ஸ்காட்லாந்தின் வடக்கே ஸ்ட்ராத்பெஃபர் என்ற சிற்றூரிலோ, அந்த ஊர் கடிகாரம் நாலு அடிக்கும்போதே சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிடுகிறான். மறுநாள் காலை சுமார் எட்டே முக்கால் வரை அவனைக் காண முடியாது!

இன்வர்னெஸ் நகரிலிருந்து ஏறக்குறைய 20 மைல் தூரம். விக்டோரியா மகாராணி காலத்தில், இவ்வூர்க் கந்தக ஊற்று நீர் வாதத்துக்கு நல்லது என்று சீமாட்டிகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அழுகின முட்டை வாசனை வீசும் அந்த ஜலத்தை எப்படித்தான் குடித்தார்களோ, பாவம்! 1885-ல் ரயில்கூட வந்தது. 1946-ல் பிரயாணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள்.

பிற்பாடு ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு ஸைக்கிள் பந்தயம். 'ஸ்ட்ராத்பஃபர்' என்று அதற்குப் பெயர். பக்கத்துக் காட்டில், கடும் குளிர்காலத்தில், 24 மணி நேரம் ஓயாமல் மலைப் பாதையில் ஓட்டுவது! அதில் சுமார் 17 மணி நேரம் கும்மிருட்டு. நாலு பேராகச் சேர்ந்து மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள் உண்டு. தன்னந்தனியாக ஓட்டிய பெண்களும் உண்டு. வழியெல்லாம் வேர், பாறை, உறைந்த பனி. விளக்கு அணைந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டுமா?

அங்கே படிக்கப் போயிருக்கும் உங்கள் பிள்ளையோ பெண்ணோ, "அம்மா, காட்டில் ஓட்ட விளக்கு வாங்கப் பணம் அனுப்பு" என்று கேட்டால், "எத்தனை லூமன்?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு. நம் பழைய 60 வாட் குண்டு பல்பு சுமார் 700 லூமன் தந்தது. காட்டுப் பாதைக்கு 1000 லூமன் இருந்தால் தாராளம். அதைவிட முக்கியம், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதுதான்.

முறத்தில் அரிசி பரப்பிக் கல் பொறுக்குகிறீர்கள் அல்லவா? வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் ஒவ்வொரு கல்லும் நிழலோடு தெரியும். நேர் மேலே விளக்கிருந்தால் கல்லும் அரிசியும் ஒன்றாகிவிடும். காட்டிலும் அதே கதை. ஹாண்டில்பாரில் மாட்டிய விளக்கு கண்ணுக்குக் கீழே இருப்பதால், வேருக்குப் பின்னால் நிழல் விழுந்து மேடு பள்ளம் துலங்குகிறது. தலையில் மாட்டிய விளக்கு கண்ணை ஒட்டியே இருப்பதால் நிழலை மறைத்து, பாதையைத் தட்டையாகக் காட்டிவிடும். ஆனால் வளைவில் திரும்பும்போது, ஹாண்டில்பார் விளக்கு எதிரே உள்ள மரத்தைக் காட்டிக்கொண்டு நிற்க, தலை விளக்குத்தான் போக வேண்டிய இடத்தைக் காட்டுகிறது. ஆகவே இரண்டும் வேண்டும். கீழே அகலமான ஒளி. தலையில் கனமில்லாத, குறுகிய ஒளி. மூடுபனி வந்தால் தலை விளக்கைத் தணித்துவிட வேண்டும். விடுகிற மூச்சே குளிரில் வெண்புகையாகி, அதில் வெளிச்சம் பட்டுக் கண் கூசும்.

சக்கரம் சுற்றினால் எரியும் டைனமோ இருக்கிறதே என்பீர்கள். சாலைக்கு அது உத்தமம். செங்குத்து ஏற்றத்தில் சக்கரம் ஊரும்போது வெளிச்சமும் மங்கிவிடுமே! அதனால் காட்டுக்குப் பாட்டரிதான். பெட்டியின் மேல் அச்சிட்ட மணிக்கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். பல சமயம் அது மிகக் குறைந்த வெளிச்சத்துக்கான கணக்கு. முழு வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் என்று கேட்க வேண்டும். உறைகிற குளிரில் லித்தியம் பாட்டரி இன்னும் சீக்கிரம் தீர்ந்துவிடும். மாற்றுப் பாட்டரியை ஸைக்கிள் பையில் வைக்காமல், ஸ்வெட்டருக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

காட்டை விட்டுச் சாலைக்கு வந்ததும் பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அந்த நாட்டுச் சட்டம் அது. எதிரே ஒருவர் வந்தால் முன் விளக்கைத் தணிக்க வேண்டும். சட்டைப் பையில் ஒரு சிறிய டார்ச்சும் கிடக்கட்டும், சங்கிலி அறுந்தால் கோக்க!